ஒழுகும் சீலிங், நிறுத்திய பராமரிப்புக் கட்டணம்: வெளிநாட்டவரின் காண்டோ கணக்கு

கோலாலம்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலை பார்க்கும் இந்திய வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

2022 ஏப்ரலில் 10 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கினார். வங்கிக் கடன் இன்னும் 5 லட்சம் இருக்கிறது, மாதத் தவணை 2,900. பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான பொது நிதி) சேர்ந்து மாதம் 435.60. குளியலறை சீலிங் எட்டு மாதமாக ஒழுகுகிறது. மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் கேட்டால் "மேல்வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கோபத்தில் ஐந்து மாதமாகக் கட்டணம் கட்டவில்லை. இப்போது அக்சஸ் கார்டு வேலை செய்யவில்லை, கையில் ஒரு நோட்டீஸ். இதற்கிடையில் சில மாதங்களில் சிங்கப்பூருக்கு மாற்றல். வீட்டை 3,800க்கு வாடகைக்கு விட்டால் கட்டணம் போக 3,364 நிற்கும், தவணை கட்டியபின்னும் 464 மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நண்பர் ஒருவர் வாடகையை ரொக்கமாக வாங்கிவைப்பாராம். "விற்றால் 30 சதவீதம் வரி என்கிறார்கள், அதனால் விற்க முடியாது, கட்டடத்துக்கே இன்சூரன்ஸ் இருப்பதால் எனக்குத் தனியாகத் தேவையில்லை, கட்டிய சிங்கிங் ஃபண்டு விற்கும்போது திரும்பி வரும்" என்று மூன்று முடிவுகளையும் தாமே எடுத்துவிட்டு, சரிதானா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றுமே சரியில்லை. ஆனால் உங்கள் நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமும் இல்லை. முதலில் நோட்டீஸை எடுத்துக்கொள்வோம், அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டணத்தை நிறுத்தியது

மேனேஜ்மென்ட் தன் வேலையைச் செய்யாவிட்டால் நாமும் பணத்தை நிறுத்தலாம் என்பது நியாயமாகத் தோன்றும். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தில் கட்டணம் கட்டும் கடமை தனி, பழுது பார்க்கும் கடமை தனி. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க வழியில்லை. லிஃப்ட், காவல், பொது விளக்கு எல்லாம் அந்த ஐந்து மாதமும் உங்களுக்கும் சேர்த்துத்தான் ஓடின.

உங்கள் பாக்கி 2,178 ரிங்கிட். தாமத வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்து மாதமும் ஒவ்வொன்றாகச் சேர்ந்த பாக்கி என்பதால் வட்டி ஐம்பது ரிங்கிட்டை ஒட்டித்தான் வரும். அதனால் வட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். நோட்டீஸில் கொடுத்த 14 நாளுக்குள் கட்டாமல் விடுவதுதான் ஆபத்து. அதன்பின் அவர்கள் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம், கட்டட ஆணையரிடம் வாரண்ட் வாங்கி வீட்டிலுள்ள அசையும் பொருட்களை ஜப்தி செய்யலாம். நியாயமான காரணமின்றிக் கட்டாமலிருப்பது குற்றமும்கூட: 5,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிறை வரை போவது அபூர்வம். ஆனாலும் வேலை பாஸில் இருப்பவர் 2,178 ரிங்கிட்டுக்காக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது.

கார்டை முடக்கியது தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். அதே சட்டத்தின் 2015 விதிமுறைகளோடு வரும் துணை விதிகளில் அதற்கு அனுமதி இருக்கிறது. பாக்கிதாரர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் செய்யலாம். பாக்கியைக் கட்டிய பிறகு கார்டைத் திரும்ப இயக்க 50 ரிங்கிட் வரை கேட்கலாம், அதற்கு மேல் கேட்டால் மறுங்கள்.

ஆகவே முழுப் பாக்கியையும் வங்கி வழியாகக் கட்டிவிடுங்கள். கூடவே ஒரு கடிதம்: "ஒழுகல் குறித்த என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இத்தொகையைச் செலுத்துகிறேன்." ஒரே வரி போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பாக்கி இருந்தால் உங்களுக்கு ஓட்டில்லை. கட்டணம் எவ்வளவு, சிறப்பு வசூல் உண்டா, லிஃப்டை எப்போது மாற்றுவது, குழுவில் யார் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. ஒழுகலைக் கண்டுகொள்ளாத குழுவை மாற்றும் ஓட்டையும் சேர்த்துத்தான் நீங்கள் நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

ஒழுகலுக்கு உரிய வழி

"மேல்வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல மேனேஜ்மென்ட்டுக்கு உரிமை இல்லை. 2015 விதிமுறைகளில் மாடிக்கு மாடி ஒழுகுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மாற்றிக் காட்டும்வரை குறை மேல்வீட்டில்தான் என்பது அங்குள்ள அனுமானம். நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்தால் ஏழு நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த ஐந்து நாளுக்குள் படிவம் 28இல் ஆய்வுச் சான்றிதழ் தர வேண்டும், காரணம் என்ன, யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பொறுப்பு மேல்வீட்டுக்காரருடையது என்றால் அவருக்கு ஏழு நாள். அவர் செய்யாவிட்டால் மேனேஜ்மென்ட் செய்துவிட்டு அவரிடம் வசூலிக்கும். பொதுக் குழாயோ வெளிச்சுவரோ காரணம் என்றால் செலவு மேனேஜ்மென்ட்டுடையது. ஆய்வு முடிவு உங்களுக்கு ஏற்பில்லை என்றால் கட்டட ஆணையரிடம் போகலாம். கோலாலம்பூரில் அந்த அலுவலகம் மாநகராட்சி மன்றத்தில்தான் இருக்கிறது.

எட்டு மாதமாக நீங்கள் சொன்னதெல்லாம் கவுன்டரில் வாய்ப்பேச்சு. அதனால் இந்தக் கெடு எதுவும் இன்னும் தொடங்கவே இல்லை. இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், அச்சிட்ட பிரதியில் அலுவலக முத்திரையும் வாங்குங்கள்.

அவர்கள் பார்க்க வருமுன் நீங்களே ஒரு வாரம் கவனித்து எழுதிவையுங்கள். கறை ராத்திரி பகல் எப்போதும் ஈரமாக இருந்தால் அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயில் கசிவு; மேல்வீட்டு மீட்டர் யாரும் தண்ணீர் திறக்காதபோதும் சுற்றும். காலையிலும் இரவிலும் மட்டும், மேலே குளித்த ஒரு மணி நேரத்தில் சொட்டினால் தரைத் துவாரத்தைச் சுற்றிய சீல் அல்லது டைலுக்கு அடியில் உள்ள நீர்க்காப்புப் பூச்சு போயிருக்கிறது. மழைக்குப் பிறகு மட்டும் என்றால் வெளிச்சுவரை, ஜன்னல் விளிம்பைப் பாருங்கள். மேல்வீட்டுக் குளியலறைத் துவாரத்தை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை ஓர் அங்குலம் தேக்கி 24 மணி நேரம் விடும் சோதனையைக் கேளுங்கள். கீழே அந்த நிறம் இறங்கினால் வாதம் முடிந்தது. பெரும்பாலும் நடக்கும் தவறு என்னவென்றால், டைல் இடுக்கில் சிலிக்கான் பூசிவிட்டு "சரி செய்தாயிற்று" என்பது. பூச்சே போயிருந்தால் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். டைலைப் பெயர்த்துப் புதிதாகப் பூசி, மறுபடியும் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே உங்கள் சீலிங்கை அடைக்க விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நகரவில்லை என்றால் தீர்ப்பாயம். 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது கேட்கும். பெரும்பாலும் வக்கீல் இல்லாமல் நீங்களே பேச வேண்டிய இடம். புகைப்படமும் தேதிவாரிக் குறிப்பும் படிவம் 28உம்தான் அங்கே உங்கள் பலம்.

435.60 எதற்குப் போகிறது

உங்கள் பில்லில் 110 பங்கு அலகு (கட்டடத்தில் உங்கள் வீட்டின் பங்கைக் காட்டும் எண்), அலகுக்கு 3.60 என்று இருக்கிறது. அது 396. அதில் 10 சதவீதம் சிங்கிங் ஃபண்டு, 39.60. பங்கு அலகு சதுர அடியை மட்டும் வைத்து வருவதில்லை. வீட்டின் வகை, அதோடு பத்திரத்தில் சேர்ந்த கார் நிறுத்துமிடம் போன்ற துணைப் பகுதிகள் எல்லாம் கணக்கில் வரும். பக்கத்து வீட்டுக்காரர் அதே அளவு வீட்டுக்குக் குறைவாகக் கட்டுகிறார் என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

சிங்கிங் ஃபண்டு உங்கள் பெயரிலான சேமிப்பு இல்லை. பெயின்ட் அடிக்க, லிஃப்ட், பம்ப், தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை மாற்ற, பெரிய புதுப்பிப்புகளுக்கு என்று கட்டடத்தின் உண்டியல் அது. விற்றால் திரும்ப வராது. சாவி வாங்கும்போது கட்டிய வைப்புத்தொகை வேறு சமாச்சாரம். விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குபவரிடம் கேட்டுப் பெறலாம். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தணிக்கை செய்த கணக்கு பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும். அதில் இரண்டு எண் போதும்: சிங்கிங் ஃபண்டில் கையிருப்பு எவ்வளவு, வசூலாகாத பாக்கி எவ்வளவு. கையிருப்பு சொற்பமாகவும் லிஃப்ட் பழையதாகவும் இருந்தால் சிறப்பு வசூல் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் மலிவாக இருக்கிறது என்று மகிழ்ந்த கட்டடங்களில்தான் இது அதிகம் நடக்கிறது.

இன்சூரன்ஸுக்கு வருவோம். மேனேஜ்மென்ட் எடுக்கும் பாலிசி கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதற்கானது. நீங்கள் போட்ட கிச்சன் கேபினெட், மரத்தரை, ஏசி, கட்டில் அதில் வராது. உங்கள் வீட்டு ஹோஸ் வெடித்துக் கீழ்வீடு நனைந்தால் அவர் உங்களைத்தான் கேட்பார். உள்பொருட்களுக்கும் மூன்றாம் நபர் பொறுப்புக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுங்கள். வாடகைக்கு விட்டிருப்பதையும், வீடு காலியாக இருக்கக்கூடிய நாட்களையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். குடியிருப்பவர் பெயரில் எடுத்த பாலிசியை வாடகை வீட்டில் அப்படியே ஓடவிட்டு, கேட்புரிமை மறுக்கப்பட்டவர்கள் நிறைய.

வாடகையின் உண்மைக் கணக்கு

நீங்கள் இணைத்த பில்களை வைத்தே போடுகிறேன். ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று கொள்ளுங்கள். வாடகை வரவு 41,800. கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் 5,227. மதிப்பீட்டு வரி, அதாவது எல்லோரும் சொல்லும் சுக்காய் பிந்து, 1,200; மாநகராட்சி கணித்த ஆண்டு வாடகை மதிப்பு 30,000, அதில் 4 சதவீதம். பிப்ரவரி முடிவிலும் ஆகஸ்ட் முடிவிலும் பாதிப் பாதியாகக் கட்ட வேண்டும். சுக்காய் பெத்தாக், அதாவது வீட்டுக்கான நில வரி, 90; மே 31க்குள். கட்டட இன்சூரன்ஸில் உங்கள் பங்கு 180, சொந்த பாலிசிக்கு 300 என்று வைத்தேன். ஏசி சர்வீஸ், ஹீட்டர், குழாய், பூட்டு என்று பழுதுக்கு 1,500. மொத்தச் செலவு 8,497. மீதி 33,303.

இனி வரி. ஓர் ஆண்டில் 182 நாள் மலேசியாவில் இல்லாவிட்டால் பொதுவாக நீங்கள் வரிக்கு வெளியூர்வாசி (நான்-ரெசிடென்ட்). தனிநபர் கழிவுகள் எதுவும் கிடையாது, விகிதம் ஒரே 30 சதவீதம். ஆனால் அது நிகர வாடகைக்குத்தான். மேலே சொன்ன செலவுகளையும், உங்கள் கடன் வட்டி ஆண்டுக்குச் சுமார் 21,500ஐயும் கழிக்கலாம். 33,303இல் அது போக 11,803. வரி சுமார் 3,541. மொத்த வாடகைக்கு 30 சதவீதம் என்று நினைத்து 12,000க்கு மேல் ஒதுக்கிவைத்துப் பயப்படுபவர்கள் உண்டு, அது வேண்டாம்.

வரிக்குப் பின் கையில் 29,762, மாதம் 2,480. தவணை 2,900. ஆக நீங்கள் மாதம் 464 மிஞ்சும் என்று நினைத்த இடத்தில் 420 கையிலிருந்து போட வேண்டும். முதல் ஆண்டில் ஏஜென்ட் கமிஷன் வேறு. முதல் வாடகைதாரரைப் பிடிக்கும் செலவை வரியில் கழிக்க முடியாது, புதுப்பிக்கும் செலவைக் கழிக்கலாம். புதிதாகச் சோபா வாங்கினால் கழிவில்லை, பழைய சோபாவுக்கு மாற்றாக வாங்கினால் உண்டு. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். வெளியூர்வாசிக்கான எம் படிவம் ஏப்ரல் 30க்குள் போக வேண்டும்.

நண்பர் ரொக்கமாக வாங்கும் ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். வாடகை உங்கள் மலேசிய வங்கிக் கணக்குக்கே வரட்டும். தவணையும் அங்கிருந்தே போகும், வரிக்கும் அதுவே சாட்சி. ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் முத்திரையிடுங்கள். ஓராண்டுக்கு ஆண்டு வாடகையில் 250 ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட், உங்களுக்கு 183. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை மூன்று மடங்கு. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் பாக்கி கேட்க முடியாது. நண்பருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுங்கள், உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்தது. பொதுக்கூட்டத்துக்கு உங்கள் ப்ராக்ஸியாகவும், அதாவது உங்கள் சார்பில் ஓட்டுப் போடுபவராகவும், அவரே போகலாம், வீட்டுச் சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. அதற்கான படிவம், கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பு போய்ச் சேர வேண்டும்.

நாள் வாடகைக்கு விட்டால் மூன்று மடங்கு வருமே என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கட்டடத்தின் துணை விதியைப் படித்துவிட்டு யோசியுங்கள். குறுகிய கால வாடகையைத் துணை விதி மூலம் தடுக்க மேனேஜ்மென்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

விற்றால்

30 சதவீதம் என்பது விலைக்கு இல்லை, லாபத்துக்கு. வெளிநாட்டவருக்கு முதல் ஐந்து ஆண்டுக்குள் 30, ஆறாம் ஆண்டிலிருந்து 10. உங்கள் ஒப்பந்தத் தேதிப்படி 2027 ஏப்ரல் தாண்டினால் 10. இப்போது 11 லட்சத்துக்குப் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். விலை வித்தியாசம் 50,000. வாங்கியபோது கட்டிய முத்திரை வரி 26,000, விற்கும் ஏஜென்ட்டுக்கு 3 சதவீதம் என்றால் 33,000, இவை இரண்டையும் கழித்தாலே லாபம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது; வக்கீல் கட்டணம் தனி. அதாவது வரியே இல்லை. 2027 வரை காத்திருந்து மிச்சப்படுத்த எதுவும் இல்லை, காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கையிலிருந்து 420 போவதுதான் மிச்சம். கட்டிவந்த பராமரிப்புக் கட்டணத்தை இந்த லாபக் கணக்கில் கழிக்க முடியாது, அதையும் சேர்த்து மனக்கணக்குப் போட வேண்டாம்.

ஒரு சிக்கல் மட்டும். லாபம் இருக்கிறதோ இல்லையோ, வெளிநாட்டவர் விற்கும்போது வாங்குபவர் விலையில் 7 சதவீதத்தைப் பிடித்து வரி வாரியத்துக்குக் கட்டுவார். உங்களுக்கு அது 77,000. திரும்ப வரும், ஆனால் உடனே வராது. சிங்கப்பூரில் வீட்டு வாடகைக்கும் வைப்புத்தொகைக்கும் அந்தப் பணத்தை நம்பியிருக்காதீர்கள். "சொந்தக் குடியிருப்புக்கு ஒருமுறை விலக்கு" என்று யாரோ சொன்னது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்.

உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், ஐந்து ஆண்டுக்குள் கோலாலம்பூருக்குத் திரும்பி வந்து குடியிருக்கும் எண்ணம் இல்லாவிட்டால் விற்பதையே நான் சொல்வேன். ஆனால் ஒழுகலைத் தீர்த்து, படிவம் 28உம் பழுது பார்த்த ரசீதும் கையில் வந்த பிறகு. கறை படிந்த சீலிங்கைப் பார்க்கும் வாங்குபவர் பழுதுச் செலவைப் போலப் பல மடங்கு விலையில் குறைப்பார்.

விற்பனை முடியும்வரை வீடு பூட்டியிருந்தால் மெயின் வால்வை மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது போய் எல்லாத் தரைத் துவாரங்களிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றட்டும். வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் அதன் வழியே ஏறிவரும். நாடு விட்டுப் போகும்முன் உங்கள் முதலாளி 30 நாள் முன்னதாக சிபி21 படிவத்தை வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினாரா என்று கேளுங்கள். வரி தீரும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைப்பார்கள். பின்னாளில் இந்தியாவுக்கே திரும்பி வரிக்கு முழு உள்ளூர்வாசியாகும்போது இந்த வீடு இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில், வாடகை வந்தாலும் வராவிட்டாலும், காட்டியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் அபராதம் 10 லட்சம் ரூபாய்.